அமெரிக்க விடுதலைப் போரும் அரசு அமைந்த விதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரலாறு படிக்கிற பிள்ளைகளும் போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. பாடப் புத்தகங்களில் 1776 பெரிதாக இருக்கும். போர் முடிந்த 1783க்கும் புதிய அரசு அமைந்த 1789க்கும் இடைப்பட்ட காலம் நாலு வரியில் போய்விடும். அந்த ஆறு ஆண்டுகளைப் புரிந்துகொள்ளாமல் அமெரிக்க அரசியலமைப்பைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் பிற்பாதிக் கேள்விகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதியிருக்கிறேன். முன் பதிலில் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. வரிசையாகப் படிப்பது நல்லது.

பதிமூன்று காலனி என்றால் இன்றைய அமெரிக்கா முழுவதுமா?

இல்லை. அட்லாண்டிக் கடலோரமாக வடக்கே நியூ ஹாம்ப்ஷயர் முதல் தெற்கே ஜார்ஜியா வரை இருந்த நிலப்பகுதி மட்டும்தான். 1775 வாக்கில் அங்கே சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அதில் ஐந்தில் ஒருவர் அடிமையாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க வம்சாவளியினர். மேற்கே இருந்த நிலமெல்லாம் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடிகளுடையது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிமூன்றும் ஒரே நாடாக இருந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டசபை, தனி ஆளுநர், தனித் தொழில். மாசசூசெட்ஸில் கப்பலும் மீனும், வர்ஜீனியாவில் புகையிலை, தென் கரோலினாவில் அரிசியும் அவுரியும். வர்ஜீனியாக்காரர் ஒருவர் 'என் நாடு' என்று சொன்னால் வர்ஜீனியாவைத்தான் சொன்னார்.

வெறும் வரிக்காகவா இவ்வளவு பெரிய போர்?

1763இல் முடிந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் பிரான்சை வென்று கனடாவைப் பிடித்தது. ஆனால் அதற்குள் அதன் கடன் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. காலனிகளைக் காப்பதற்கான செலவில் ஒரு பங்கைக் காலனிக்காரர்களே தரட்டும் என்று லண்டன் நினைத்தது. 1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரம், செய்தித்தாள், உரிமம், சீட்டுக்கட்டு, பகடைக்காய் வரை எல்லாவற்றுக்கும் முத்திரை வரி.

தொகை பெரிதில்லை. பிரிட்டனில் இருந்தவர்கள் இதைவிட அதிகமாகவே வரி கட்டினார்கள். யார் போட்ட வரி என்பதுதான் சிக்கல். அதுவரை உள்ளூர் வரியை அவர்களே தேர்ந்தெடுத்த சட்டசபைகள்தான் போட்டன. லண்டன் நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஒரு உறுப்பினர்கூடக் கிடையாது. எதிர்ப்பு கிளம்பியதும் 1766இல் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் கையோடு, 'எந்த விஷயத்திலும் காலனிகளுக்குச் சட்டம் போடும் உரிமை எங்களுக்கு உண்டு' என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். சண்டை அந்த வாசகத்தின் மேல்தான்.

தேயிலை விலை குறைந்தது என்கிறார்கள். பிறகு ஏன் கடலில் கொட்டினார்கள்?

விலை குறைந்தது உண்மைதான். நட்டத்தில் தள்ளாடிய கிழக்கிந்தியக் கம்பெனியைத் தூக்கிவிட 1773இல் ஒரு சட்டம் வந்தது. கம்பெனி தன் தேயிலையைத் தானே நியமித்த முகவர்கள் மூலம் நேராகக் காலனிகளில் விற்கலாம் என்றது அது. பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருந்தது. மலிவான தேயிலையை வாங்கிக் குடித்தால் அந்த வரியை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். உள்ளூர் வணிகர்களுக்கும், டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களுக்கும் பிழைப்பும் போகும். பாஸ்டனில் முகவர்களாக நியமிக்கப்பட்டவர்களில் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் பிள்ளைகள். மக்களுக்கு அது இன்னும் எரிச்சலூட்டியது.

பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டியது ஏன் குறிப்பாக டிசம்பர் 16 இரவு? கப்பல் துறைமுகத்துக்கு வந்து 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்து இறக்கிவிடலாம். முதலில் வந்த டார்ட்மவுத் கப்பலுக்கு அந்தக் கெடு மறுநாள் முடிய இருந்தது. சரக்கோடு திரும்பிப் போக ஆளுநர் அனுமதி தரவில்லை. அன்று இரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டி தேயிலை கடலுக்குள் போனது. அது இந்தியத் தேயிலையா என்று பலர் கேட்பதுண்டு. இல்லை, சீனத் தேயிலை. அஸ்ஸாம் தேயிலையெல்லாம் அடுத்த நூற்றாண்டில் வந்தது.

முதலில் சுதந்திரப் பிரகடனமா, முதலில் சண்டையா?

சண்டைதான். தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாகப் பாஸ்டன் துறைமுகத்தை மூடி, மாசசூசெட்ஸின் தன்னாட்சியைப் பிரிட்டன் பிடுங்கியது. அதையடுத்து 1774 செப்டம்பரில் ஜார்ஜியா தவிர மற்ற 12 காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். இந்தச் சபைதான் காங்கிரஸ். 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் துப்பாக்கி வெடித்தது. ஜூனில் ஜார்ஜ் வாஷிங்டனைப் படைத்தலைவராக்கினார்கள்.

அதற்கும் பிறகு, 1775 ஜூலையில், மன்னருக்கு ஒரு சமாதான விண்ணப்பம் போனது. பலருக்கு இது வியப்பாக இருக்கும். சண்டை போட்டுக்கொண்டே, மன்னர் நம் பக்கம் நியாயம் பேசுவார் என்று நம்பினார்கள். மூன்றாம் ஜார்ஜ் அதை ஏற்கவில்லை. காலனிகள் கலகம் செய்கின்றன என்று அறிவித்தார். 1776 ஜனவரியில் தாமஸ் பெய்ன் எழுதிய சிறுநூல், மன்னராட்சியே வேண்டாம் என்று எளிய மொழியில் வாதாடி ஊரெல்லாம் பரவியது. அதன் பிறகுதான் விடுதலை என்ற பேச்சு வெளிப்படையாக எழுந்தது.

சுதந்திர தினம் ஜூலை 2 என்கிறார்களே, எது சரி?

பிரிவதென்று காங்கிரஸ் வாக்களித்தது 1776 ஜூலை 2. அன்று 12 காலனிகள் ஆதரித்தன. நியூயார்க் பிரதிநிதிகள் தங்களுக்கு அனுமதி வரவில்லை என்று ஒதுங்கினார்கள். அந்த முடிவை விளக்கும் வாசகமான சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. தேர்வில் கேட்டால் 4 என்றே எழுதுங்கள்.

உலகத்திலேயே பெரிய கடற்படை வைத்திருந்த பிரிட்டனை எப்படி ஜெயித்தார்கள்?

பெரும்பாலும் தோற்றும், ஆனால் கலைந்துபோகாமலும்! 1776 கோடையில் பிரிட்டன் நியூயார்க்கில் 30,000க்கும் மேற்பட்ட வீரர்களை இறக்கியது. அதில் ஒரு பகுதி ஜெர்மன் சிற்றரசுகளிடம் கூலிக்கு எடுத்த படை. வாஷிங்டன் அடுத்தடுத்துத் தோற்று நியூஜெர்சியைக் கடந்து பின்வாங்கினார். ஒப்பந்தக் காலம் முடிந்து வீரர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 25 இரவு, பனிக்கட்டி மிதந்த டெலவர் ஆற்றை 2,400 பேரோடு படகில் கடந்தார். விடிந்ததும் டிரென்டனில் இருந்த ஜெர்மன் படையைத் தாக்கி சுமார் 900 பேரைச் சிறைபிடித்தார். போர்க்கணக்கில் சின்ன வெற்றி. அது இல்லாமல் போயிருந்தால் அந்தக் குளிர்காலத்தோடு படையே இருந்திருக்காது.

வாஷிங்டனிடம் நான் மதிப்பது அவருடைய பொறுமையைத்தான். ஊரைப் பிடிப்பதைவிடப் படையைக் காப்பது முக்கியம் என்று அவருக்குப் புரிந்தது. பிரிட்டன் நியூயார்க், பிலடெல்பியா, சார்ல்ஸ்டன் என்று நகரங்களைப் பிடித்தபடி இருந்தது. படை நகர்ந்ததும் பின்னால் நாட்டுப்புறம் கைவிட்டுப் போனது. 1777இல் வீரர்களுக்குப் பெரியம்மைத் தடுப்பு போடச் சொன்னது வாஷிங்டன் எடுத்த பெரிய முடிவுகளில் ஒன்று. அந்தப் போரில் குண்டுபட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்களே அதிகம். வேலி ஃபோர்ஜ் முகாமில் ஒரே குளிர்காலத்தில் சுமார் 2,000 பேர் இறந்தார்கள். முகாமில் சண்டை எதுவும் நடக்கவில்லை.

பிரான்ஸ் உதவாமல் இருந்திருந்தால்?

முழு வெற்றி கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 1777 அக்டோபரில் சரடோகாவில் பிரிட்டிஷ் தளபதி பர்கோயின் தன் முழுப் படையோடு சரணடைந்தார். இவர்கள் தாக்குப்பிடிப்பார்கள் என்று அதைப் பார்த்துத்தான் பிரான்ஸ் நம்பியது. 1778 பிப்ரவரி 6இல் உடன்படிக்கை ஆனது. அதற்கு முன்பே துப்பாக்கியும் வெடிமருந்தும் ரகசியமாக வந்துகொண்டிருந்தன.

1781இல் யார்க்டவுனில் நடந்ததைப் பாருங்கள். தரையில் முற்றுகையிட்ட படையில் ஏறத்தாழப் பாதி பிரெஞ்சு வீரர்கள். செப்டம்பர் 5 அன்று தெ கிராஸின் பிரெஞ்சுக் கப்பல்கள் செசபீக் விரிகுடா முகத்தில் பிரிட்டிஷ் கப்பல்களைத் தடுத்துத் திருப்பிவிட்டன. கடல் வழி அடைபட்டதால் கார்ன்வாலிஸ் அக்டோபர் 19 அன்று 7,000க்கும் மேற்பட்ட வீரர்களோடு சரணடைந்தார். பிரான்ஸ் இதைச் செய்தது ஏழாண்டுப் போரில் தோற்றதற்குப் பழிவாங்கத்தான். அதற்காக வாங்கிய கடன் பிரெஞ்சு மன்னராட்சியின் கழுத்தை நெரித்து, 1789 புரட்சிக்கு ஒரு காரணமானது.

இந்தப் போருக்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது, நேரடியாகவே. பிரான்ஸ் போரில் இறங்கியதும் 1778இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1780இல் டச்சுக்காரரோடும் போர் மூண்டதால் அடுத்த ஆண்டு நாகப்பட்டினம் அவர்கள் கைக்குப் போனது. 1782, 83இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் கடல்களில் மோதினார்கள். கடைசி மோதல் 1783 ஜூன் 20, கடலூருக்கு அப்பால். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது. செய்தி வந்து சேரவில்லை. ஜூன் கடைசியில் வந்த பிறகுதான் கடலூர் முற்றுகை நின்றது.

அதே ஆண்டுகளில் ஆங்கிலேயரைக் கலங்கடித்த ஹைதர் அலியின் பெயர் அமெரிக்கா வரை எட்டியது. பென்சில்வேனியா தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது. 1782 ஏப்ரலில் டெலவர் விரிகுடாவில் அந்தக் கப்பல் ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ்தான் 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து திப்புவோடு போரிட்டவர்.

காலனி மக்கள் எல்லோருமே விடுதலை கேட்டார்களா?

இல்லை. மன்னர் பக்கம் நின்றவர்கள் கணிசமாக இருந்தார்கள். எப்படியாவது உயிரோடு இருந்தால் போதும் என்று ஒதுங்கியவர்களும் நிறைய. தெற்கே பல ஊர்களில் இது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட உள்நாட்டுப் போர். போர் முடிந்ததும் சுமார் 60,000 பேர் சொத்தை விட்டுவிட்டுக் கனடா, பிரிட்டன், கரீபியன் தீவுகள் என்று போனார்கள். பூர்வகுடிகள் இரு பக்கமும் பிரிந்து நின்றார்கள். 1783 பாரிஸ் உடன்படிக்கையில் அவர்களுடைய நிலத்தைப் பிரிட்டன் அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தபோது அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் அவர்கள்தான் இழந்தார்கள்.

'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று எழுதியவரே அடிமைகள் வைத்திருந்தாரே?

ஆமாம். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அடிமை வணிகத்துக்காக மன்னரைச் சாடி அவர் எழுதிய பத்தியையும் காங்கிரஸ் நீக்கியது. இதைக் 'காலத்தின் கோலம்' என்று தள்ளிவிடக் கூடாது. அது தவறு என்று அந்தக் காலத்திலேயே தெரிந்தவர்கள் இருந்தார்கள். பென்சில்வேனியா 1780இல் படிப்படியாக அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டது.

அடிமைகளாக இருந்தவர்கள் தங்கள் விடுதலையைத் தாங்களே தேடினார்கள். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர், கலகக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் தப்பியோடி வந்தார்கள். 1783இல் பிரிட்டிஷ் படை நியூயார்க்கை விட்டுக் கிளம்பியபோது சுமார் 3,000 கறுப்பின மக்களின் பெயர்களைப் பேரேட்டில் எழுதிக் கப்பலேற்றினார்கள். அவர்களுக்குச் சுதந்திரம் என்பது எதிர்த் திசையில் இருந்தது.

போர் முடிந்ததும் வாஷிங்டன் அதிபராகிவிட்டாரா?

அதிகம் பேர் தவறாக நினைப்பது இதைத்தான். 1783 டிசம்பர் 23 அன்று வாஷிங்டன் தன் படைத்தலைவர் பதவியைக் காங்கிரசிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அதிபர் என்ற ஆட்சிப் பதவியே அப்போது இல்லை. 1781இல் நடைமுறைக்கு வந்த, மாநிலங்களை இணைக்கும் கூட்டமைப்பு விதிகளின்படி ஒரே ஒரு சபை மட்டும்தான். அதில் மாநிலத்துக்கு ஒரு வாக்கு. தேசிய நீதிமன்றம் கிடையாது. காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமும் கிடையாது. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு.

அவ்வளவு பலவீனமாக ஏன் எழுதினார்கள்?

இரண்டாம் கேள்விக்கான பதிலை நினைத்துப் பாருங்கள். தூரத்தில் இருக்கும் அதிகாரம் வரி போடக் கூடாது என்பதற்காக உயிரைக் கொடுத்தவர்கள், பிலடெல்பியாவில் இன்னொரு லண்டனை உண்டாக்குவார்களா? அவர்கள் நம்பியது தங்கள் மாநிலங்களைத்தான். 1776 முதலே பெரும்பாலானவை தமக்கென அரசியலமைப்பு எழுதத் தொடங்கிவிட்டன. மாசசூசெட்ஸ் 1780இல் அதைத் தனி மன்றத்தில் எழுதி, ஊர்க்கூட்டங்களின் ஒப்புதலுக்கு விட்டது. பின்னால் நாடு முழுவதற்கும் பயன்பட்ட நடைமுறை அங்கே பிறந்ததுதான்.

ஆனால் விளைவு கொடுமையாக இருந்தது. காங்கிரஸ் அச்சடித்த தாள் பணம் மதிப்பில்லாமல் போனது. இறக்குமதிக்கு 5 விழுக்காடு வரி போடலாம் என்ற யோசனையை ரோட் ஐலண்ட் என்ற ஒரே மாநிலம் தடுத்துவிட்டது. விதிகளைத் திருத்த 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். 1783 ஜூனில் சம்பள பாக்கி கேட்டு வீரர்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தையே சூழ்ந்துகொண்டார்கள். காங்கிரஸ் ஊரை விட்டு பிரின்ஸ்டனுக்குப் போக வேண்டியதாயிற்று.

ஷேஸ் கலகம் என்பது விவசாயிகள் போராட்டம்தானே? அதற்கும் அரசியலமைப்புக்கும் என்ன சம்பந்தம்?

மாசசூசெட்ஸ் தன் போர்க்கடனை அடைக்க வரியை ஏற்றி, அதை நாணயமாகக் கட்டச் சொன்னது. மேற்குப் பக்கத்து விவசாயிகளிடம் தானியம் இருந்தது, மாடு இருந்தது, நாணயம் இல்லை. நிலம் ஏலத்துக்குப் போனது. கடன்காரர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களில் பலர் விடுதலைப் போரில் சண்டை போட்டு, சம்பளமும் சரியாகக் கிடைக்காதவர்கள். 1786இல் நீதிமன்றங்களை நடக்கவிடாமல் மறித்தார்கள். 1787 ஜனவரியில் டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படை கேப்டனோடு ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கிப் போனபோது பீரங்கி சுட்டு நால்வர் இறந்தார்கள்.

அவர்கள் குறை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் நாட்டின் பணக்காரர்களும் தலைவர்களும் கண்டது வேறு. கலகத்தை அடக்கக் காங்கிரசால் படை திரட்ட முடியவில்லை. பாஸ்டன் வணிகர்கள் கொடுத்த பணத்தில் மாநிலம் படை திரட்டியது. இப்படியே விட்டால் நாடு சிதறும் என்ற பயம்தான் பல மாநிலங்களைப் பிலடெல்பியாவுக்குப் பிரதிநிதிகளை அனுப்ப வைத்தது.

1787இல் கூடியவர்களுக்குப் புதிய அரசியலமைப்பு எழுத அதிகாரம் இருந்ததா?

கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. கூட்டமைப்பு விதிகளைத் திருத்த மட்டுமே காங்கிரஸ் கூட்டச் சொன்னது. மே 25 முதல் செப்டம்பர் 17 வரை 12 மாநிலங்களின் 55 பேர் வந்தார்கள். ரோட் ஐலண்ட் வரவே இல்லை. பேச்சு வெளியே போகக் கூடாதென்று கோடையிலும் கதவு, சன்னல்களை மூடிவைத்தார்கள். பழைய விதிகளை ஓரம் வைத்துவிட்டுப் புதிதாகவே எழுதினார்கள். 13 மாநிலமும் சம்மதிக்க வேண்டும் என்ற விதியையும் தாண்டி, 9 மாநிலம் ஏற்றால் போதும் என்றார்கள்.

அப்படியானால் அது செல்லுமா என்று கேட்பீர்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கென்றே தேர்ந்தெடுத்த மன்றங்கள் கூடி விவாதித்து வாக்களித்தன. மக்களே ஒப்புக்கொண்டால் பழைய விதி தடையாகாது என்பது அவர்கள் வாதம். மக்கள் என்றால் பெரும்பாலும் சொத்துள்ள வெள்ளை ஆண்கள். ஆனாலும் ஒரு நாட்டின் ஆட்சிமுறையை ஊர் ஊராக வாதாடி, வாக்கெடுத்து முடிவு செய்தது அன்றைய உலகில் புதிது.

செனட்டில் ஏன் எல்லா மாநிலத்துக்கும் இரண்டே இடம்? நம் மாநிலங்களவை மாதிரி இல்லையே?

மக்கள்தொகைப்படி இடம் வேண்டும் என்றது வர்ஜீனியா. டெலவர் போன்ற சிறிய மாநிலங்கள், பழையபடி ஆளுக்கு ஒரு வாக்கு இல்லாவிட்டால் கிளம்பிவிடுவோம் என்றன. வாரக்கணக்கில் இழுத்த சண்டைக்கு ஜூலையில் கிடைத்த உடன்பாடுதான் இது. கீழவையில் மக்கள்தொகைப்படி, மேலவையான செனட்டில் சமமாக. கொள்கை என்று பின்னால் சொல்லப்பட்டாலும், அது பிரியாமல் இருப்பதற்காகச் செய்த பேரம். நம் மாநிலங்களவையில் மாநிலத்தின் மக்கள்தொகையை ஒட்டியே இடம் பிரிக்கப்படுகிறது.

அடிமையை 'ஐந்தில் மூன்று பங்கு மனிதர்' என்று எண்ணியது, முழுதாக எண்ணாததால்தான் அநீதியா?

இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவர்கள் அதிகம். கீழவை இடங்களைக் கணக்கிட அடிமைகளை முழுதாக எண்ணச் சொன்னது அவர்களை வைத்திருந்த தென் மாநிலங்கள். அடிமைக்கு வாக்கில்லை, அவரை எண்ணுவதால் கூடும் இடம் எஜமானருக்கு. ஆகவே எவ்வளவு அதிகம் எண்ணுகிறார்களோ அவ்வளவு பலம் அடிமைமுறைக்கு. ஐந்தில் மூன்று என்ற பேரம் தெற்குக்குப் பல பத்தாண்டுகள் கூடுதல் பலம் கொடுத்தது. இதோடு, 1808 வரை அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடுக்கக் கூடாது என்றும், தப்பியோடியவரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். 'அடிமை' என்ற சொல்லை மட்டும் கவனமாகத் தவிர்த்தார்கள். அன்று தள்ளிப்போட்டதை 1861இல் உள்நாட்டுப் போரில் தீர்க்க வேண்டி வந்தது.

9 மாநிலம் ஏற்றதும் எல்லாம் முடிந்துவிட்டதா?

சட்டப்படி 1788 ஜூன் 21இல் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக ஏற்றது. ஆனால் வர்ஜீனியாவும் நியூயார்க்கும் இல்லாமல் நாடு நடக்காது. வர்ஜீனியாவில் 89க்கு 79, நியூயார்க்கில் 30க்கு 27. அவ்வளவு நெருக்கம். வாஷிங்டன் 1789 ஏப்ரல் 30இல் நியூயார்க் நகரில் அதிபராகப் பதவியேற்றபோது வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் உள்ளே வரவில்லை. ரோட் ஐலண்டை வெளிநாடாக வைத்து வணிகத்தைத் தடுக்கும் மசோதா செனட்டில் நிறைவேறிய பிறகு, 1790 மே மாதம் 34க்கு 32 என்று ஏற்றுக்கொண்டது.

பேச்சுரிமை, மதச் சுதந்திரம் எல்லாம் முதலிலேயே ஏன் இல்லை?

1787 பிலடெல்பியா கூட்டம் முடியும் தறுவாயில் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் உரிமைப் பட்டியல் சேர்க்கலாம் என்றார். வந்திருந்த மாநிலங்கள் அத்தனையும் மறுத்தன. மாநில அரசியலமைப்புகளில் இருக்கிறதே, இங்கே எதற்கு என்பது வாதம். எல்லோரும் களைத்தும் போயிருந்தார்கள். மேசன் கையெழுத்திடவில்லை. பிறகு மாநில மன்றங்களில் எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். மாசசூசெட்ஸ் 187க்கு 168 என்று ஏற்றபோதே திருத்தங்களையும் பரிந்துரைத்தது. மற்ற மாநிலங்கள் அந்த வழியைப் பின்பற்றின.

எனவே உரிமைகள் சாசனத்துக்காக நாம் நன்றி சொல்ல வேண்டியவர்களில் தோற்றவர்களும் உண்டு. முதலில் தேவையில்லை என்று நினைத்த ஜேம்ஸ் மேடிசனே முதல் காங்கிரசில் திருத்தங்களைக் கொண்டுவந்தார். 12 திருத்தங்கள் மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டன. 1791 டிசம்பர் 15இல் 10 நிறைவேறின. விடுபட்டவற்றில் ஒன்று, காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது. அது 1992இல் 27ஆவது திருத்தமாக நிறைவேறியது.